“கையெழுத்து போட்டது நான்தான் டாக்டர்… அம்மை போனது என்னாலயா?”

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டிலிருந்தே தையல் வேலை செய்பவர். அம்மாவை ‘அம்மை’ என்றே எழுதுகிறார். பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன்.

ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை, கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் அவருடைய 76 வயது அம்மா வழுக்கி விழுந்தார். “அம்மை எழும்ப முடியாம கெடந்தா. ஒரு காலு மத்ததைவிட குட்டையாட்டு, பாதம் வெளிப்பக்கமாட்டு திரும்பி இருந்துது” என்கிறார். அக்கம்பக்கத்தார் தூக்கி ஆட்டோவில் ஏற்றி, பரம்பரையாக எலும்பு முறிவு பார்க்கும் ஓர் ஆசானிடம் கொண்டுபோனார்கள். எண்ணெய் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டி அனுப்பினார். மூன்று நாள் வீட்டிலேயே கிடந்தும் வலி அடங்கவில்லை. பிறகு ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தபோது தொடை எலும்பின் மேல்பகுதி, இடுப்பை ஒட்டி முறிந்திருப்பது தெரிந்தது.

உடனே சேர்த்துக்கொண்டார்கள். காலில் வெயிட் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆனால் ஆப்பரேஷன் நடந்தது ஏழாம் நாள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் இருந்தன. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிட்டு வந்ததால் அதை ஐந்து நாள் நிறுத்த வேண்டும் என்றார்கள். எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கும் டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவாராம். நடுவில் இரண்டு தடவை ‘நாளைக்கு ஆப்பரேஷன்’ என்று சொல்லி இரவிலிருந்து பட்டினி போட்டு, மறுநாள் சாயங்காலம் ‘இன்னைக்கு இல்லை’ என்றிருக்கிறார்கள். முதுகில் ஊசி போட்டு, கம்பி வைத்து ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகு ஐந்து நாள் அம்மா படுத்த படுக்கைதான். இரண்டாம் இரவு முதல் புலம்பல். இறந்துபோன கணவரைக் கூப்பிட்டார், மூத்திரக் குழாயைப் பிடுங்கினார். கையைக் கட்டிலோடு கட்டினார்கள். ஆறாம் நாள் காய்ச்சல், நெஞ்சில் சளி, ஐசியூ. பதினோராம் நாள் போய்விட்டார். விழுந்ததிலிருந்து சரியாக மூன்று வாரம்.

கல்ஃபில் இருக்கும் அண்ணன், “ஆசான் கட்டோட விட்டிருந்தா அம்மை இருந்திருப்பா. நீதானே ஆப்பரேஷனுக்கு ஒப்புப் போட்டே” என்று போனில் சொல்லியிருக்கிறார். மருத்துவமனை மேல் வழக்குப் போடலாம் என்றும் சொல்கிறாராம். வாசகியின் கேள்விகள் நான்கு. என் கையெழுத்துதான் அம்மாவைக் கொன்றதா? முதுகில் போட்ட ஊசி காரணமா? வழக்குப் போடலாமா? வீட்டில் இருக்கும் 81 வயது பெரியம்மா (“பெரியம்மை”) போன வருஷம் மணிக்கட்டு முறிந்தவர். அவரும் விழுந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

சகோதரி,

முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கையெழுத்து அம்மாவைக் கொல்லவில்லை. அந்த மூன்று வாரத்தில் எடுத்த முடிவுகளிலேயே சரியானது அதுதான். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், அந்தக் கையெழுத்துக்கு வேலை இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அது உங்கள் கையில் இல்லை.

உங்கள் அண்ணன் சொல்வதைப் போல நினைப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். வயதானவருக்கு இடுப்பு முறிந்து, ஆப்பரேஷன் செய்து, சில வாரங்களில் இறந்துபோனால் கண்ணுக்குத் தெரிவது ஆப்பரேஷன் மட்டும். ஆப்பரேஷன் செய்யாமல் வீட்டுக் கட்டிலில் கிடந்து இறந்தவர்களை ‘வயசாச்சு, காலம் வந்தாச்சு’ என்று சொல்லிவிடுகிறோம். அந்தக் கணக்கை யாரும் வைப்பதில்லை. இடுப்பு முறிந்த முதியவர்களில், நல்ல வசதியுள்ள நாடுகளில்கூட, ஓராண்டுக்குள் 100 பேரில் 20 முதல் 30 பேர் வரை இறந்துபோகிறார்கள். அந்த அளவுக்குக் கனமான நோய் இது. கை முறிவு மாதிரி ‘எலும்பு கூடினால் சரி’ என்று பார்க்க முடியாது.

ஏன் இவ்வளவு ஆபத்து என்றால், முறிவு ஆளைப் படுக்க வைக்கிறது. அசைந்தால் உயிர் போகிற வலி, அதனால் அம்மா அசையவே மாட்டார். மூச்சை ஆழமாக இழுக்க மாட்டார், இருமவும் மாட்டார். நுரையீரலின் அடிப்பகுதியில் சளி தேங்கும், கிருமி பிடிக்கும். காலில் ரத்தம் உறைந்து கட்டியாகி நெஞ்சுக்கு ஏறலாம். பின்பக்கம் தோல் வெந்து புண்ணாகும். படுத்துக்கொண்டு மூத்திரம் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள், சிறுநீரகம் வாடும். தசை நாளுக்கு நாள் கரையும். இதோடு, உங்கள் அம்மாவுக்கு இருந்த மாதிரி முறிவில் வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் தொடைக்குள்ளேயே ஒரு லிட்டர் வரைக்கும்கூட ரத்தம் கசிந்து நிற்கும். உயிரைக் கொண்டுபோவது இவைதான். ஆப்பரேஷன் செய்வதே வலியைக் குறைத்து ஆளை எழுப்பி உட்கார வைப்பதற்காக. அதனால் ஆப்பரேஷன் எத்தனை சீக்கிரம் நடந்தது, அது முடிந்து எத்தனை சீக்கிரம் ஆள் எழுந்தார் என்ற இரண்டையும்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஆசானிடம் போன மூன்று நாள்

நம் மாவட்டத்தில் விழுந்தவுடன் ஆசானை நினைப்பது இயல்பு. வர்மமும் கட்டு வைத்தியமும் இங்கே தலைமுறை தலைமுறையாக வந்தவை. சுளுக்குக்கும் சதைப்பிடிப்புக்கும் அவர்கள் கையால் நிவாரணம் பெற்றவர்களை நானே அறிவேன். உங்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்த ஓர் எலும்பு வேறு. மணிக்கட்டையோ முழங்காலுக்குக் கீழேயோ வெளியிலிருந்து பத்தை வைத்துப் பிடிக்கலாம். இடுப்பு மூட்டு உடம்பிலேயே பெரிய தசைகளுக்கு நடுவில், ஆழத்தில் இருக்கிறது. முறிந்தவுடன் அந்தத் தசைகள் எலும்பை மேலே இழுத்துவிடும். கால் குட்டையானதும் பாதம் வெளிப்பக்கம் திரும்பியதும் அதனால்தான். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அந்தக் கட்டு உள்ளே இருக்கும் முறிவை எட்டாது. முறிவு இன்னும் கொஞ்சம் மேலே, பந்துக்கிண்ண மூட்டின் பந்துக்குக் கீழுள்ள கழுத்தில் இருந்தால் நிலைமை மேலும் மோசம். பந்துக்கு ரத்தம் போகும் குழாய்கள் அந்தக் கழுத்தை ஒட்டித்தான் ஓடுகின்றன, முறிவில் அவையும் அறுந்துபோகலாம். அதனால்தான் வயதானவர்களுக்கு அந்த இடம் முறிந்து விலகிவிட்டால் பெரும்பாலும் பந்தையே மாற்றிவிடுகிறோம்.

கட்டோடு விட்டிருந்தால் அம்மா பிழைத்திருப்பாரா என்று அண்ணன் கேட்கிறார் அல்லவா? படுக்க வைத்து எலும்பு கூடக் காத்திருப்பது பழைய கால வழக்கம். ஆறு வாரம், எட்டு வாரம், அதற்கு மேலும் கிடக்க வேண்டும். சர்க்கரையும் இதய நோயும் உள்ள 76 வயதுக்காரர் அத்தனை வாரம் மல்லாந்து கிடந்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்ன பட்டியலே சொல்லும். ஆப்பரேஷன் வேண்டாம் என்று நானே சொல்லும் நோயாளிகள் உண்டு. முறிவுக்கு முன்பே நெடுநாள் படுக்கையில் இருந்தவர்கள், வேறொரு நோயால் கடைசி நாட்களில் இருப்பவர்கள். அவர்களுக்கு நல்ல வலி நிவாரணமும் பராமரிப்பும் கொடுத்து நிம்மதியாக வைத்திருப்பது மரியாதையான முடிவு. உங்கள் அம்மா விழுந்த அன்று காலை கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர். அவருக்கு அது பொருந்தாது.

ஏழு நாள் காத்திருப்பு

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது இந்தப் பகுதி.

இடுப்பு முறிவுக்கு மருத்துவமனைக்கு வந்த அன்றோ மறுநாளோ ஆப்பரேஷன் செய்ய வேண்டும் என்று பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் 2011 முதல் சொல்லிவருகிறது. 48 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பதில் பெரும்பாலான நாடுகளின் எலும்பு மருத்துவர்கள் ஒத்துப்போகிறார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 42,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைப் பார்த்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 24 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தவர்களிடம் 30 நாளுக்குள் இறப்பும் சிக்கல்களும் கூடுதலாக இருந்தன. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2020-இல் இந்தியா உள்பட 17 நாடுகளில் 2,970 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. முறிவு உறுதியாகி சுமார் 6 மணி நேரத்தில் ஆப்பரேஷன் செய்தவர்களையும் 24 மணி நேரத்தில் செய்தவர்களையும் ஒப்பிட்டார்கள். இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சீக்கிரம் செய்தவர்களுக்கு மனக்குழப்பம் குறைவாக வந்தது, சீக்கிரம் எழுந்து நின்றார்கள், சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள். ஆகவே அவசர அவசரமாக நடுராத்திரியில் அறுக்க வேண்டியதில்லை. ஒரு நாள் பொறுக்கலாம், ஒன்றரை நாளும் பொறுக்கலாம். வாரக்கணக்கு கூடாது.

காத்திருப்பதிலும் இரண்டு வகை இருக்கிறது. ரத்தத்தில் உப்புச்சத்து தாறுமாறாக இருக்கிறது, இதயம் படபடவென்று தாளம் தப்பி அடிக்கிறது, சர்க்கரை எகிறி உடம்பு நீர்வற்றிப் போயிருக்கிறது, ரத்தம் மிகக் குறைந்துவிட்டது, அதைச் சரிசெய்ய ஒரு நாள் எடுத்துக்கொள்கிறார்கள் என்றால் அது மருத்துவம். அந்த ஒரு நாளில் நோயாளியின் நிலை மேலே ஏறும். எக்கோ டாக்டர் புதன்கிழமை வருவார் என்பதற்காகக் கிடத்தி வைத்தால் அந்த நாட்களில் நோயாளி கீழேதான் இறங்குவார். எக்கோ தேவைப்படும் நோயாளிகள் உண்டு. நெஞ்சில் புதிதாக ஓர் இரைச்சல் கேட்கிறது, மூச்சுத் திணறல் இருக்கிறது, அடிக்கடி மயங்கி விழுகிறார் என்றால் பார்க்க வேண்டும். அதற்காகவும் நாட்கணக்கில் நிறுத்தி வைக்கக் கூடாது.

ஆஸ்பிரின் விஷயமும் அப்படித்தான். பல நாள் முன்பே தேதி குறித்துச் செய்யும் ஆப்பரேஷனுக்குச் சில மாத்திரைகளை ஐந்தாறு நாள் முன்னால் நிறுத்துவது வழக்கம். அதே பழக்கத்தை இடுப்பு முறிவுக்கும் கொண்டுவந்துவிடுகிறோம். ஆஸ்பிரினுக்காக இந்த ஆப்பரேஷனைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. வீரியமான மற்ற ரத்தம் இளக்கும் மாத்திரைகளுக்கு வழி வேறு. சிலவற்றின் வேலையை முறிக்கும் மருந்து உண்டு, சிலவற்றுக்கு ஒன்றிரண்டு நாள் பொறுக்க வேண்டியிருக்கும், சிலவற்றில் முதுகு ஊசியைத் தவிர்த்து முழு மயக்கம் கொடுக்கலாம். அந்தந்த மாத்திரையைப் பார்த்து மயக்க மருந்து டாக்டர் முடிவு செய்வார்.

நம் மாவட்டத்துச் சங்கடமும் எனக்குத் தெரியும். சிறிய மருத்துவமனைகளுக்குச் சொந்தமாக மயக்க மருந்து டாக்டர் இருப்பதில்லை. ஒரே ஆள் மூன்று நான்கு இடத்துக்கு ஓடுகிறார். எலும்பு டாக்டரும் அப்படியே. அந்த டாக்டர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் தன்னால் இரண்டு நாளுக்குள் செய்ய முடியாது என்று தெரிந்தால், முதல் நாளே உங்களை அழைத்து, “இங்கே தாமதமாகும், உடனே செய்யக்கூடிய இடத்துக்குக் கொண்டுபோங்கள்” என்று சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டது குறைதான்.

இரண்டு தடவை பட்டினி போட்டதை நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். நான் அதிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஆப்பரேஷனுக்கு முன் திட உணவுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி போதும். ராத்திரி பத்து மணிக்கு நிறுத்திய கஞ்சியை மறுநாள் சாயங்காலம் வரை கொடுக்காமல் வைத்தால், சர்க்கரை உள்ள ஒரு முதியவருக்கு அது சிகிச்சை ஆகாது. இரண்டாம் தடவை ஆப்பரேஷன் தள்ளிப்போனபோது அம்மா “எனக்கு ஒரு வாய் கட்டஞ்சாயா தா மக்ளே” என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் கேட்டது நியாயம்.

வெயிட் கட்டித் தொங்கவிட்டதைப் பற்றி ஒரு வார்த்தை. அது வலியைக் குறைக்கும் என்று நாங்களும் நெடுநாள் நம்பினோம். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் பலன் தென்படவில்லை. தொடை மடிப்பில் நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போடுவது அதைவிட நன்றாக வலியைக் குறைக்கிறது.

முதுகில் போட்ட ஊசி

இதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,600 பேரை வைத்து முதுகு ஊசியையும் முழு மயக்கத்தையும் ஒப்பிட்டு 2021-இல் வெளியான சோதனையில், 60 நாள் கழித்து இறப்பிலோ நடக்க முடியாமல் போவதிலோ இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. உங்கள் அம்மாவுக்கு ஆப்பரேஷன் நடந்த அன்றும் மறுநாளும் ரத்த அழுத்தமும் மூச்சும் சீராக இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் பிறகு வந்தது.

ஆப்பரேஷன் முடிந்த பிறகு அந்த ஐந்து நாள்

கம்பி வைத்த கால் மறுநாளே எடையைத் தாங்கும்படிதான் வைக்கப்படுகிறது. ஆப்பரேஷன் நடந்த மறுநாள் காலை, வலி மருந்து கொடுத்த அரை மணி ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு பேர் பிடித்துக் கட்டில் விளிம்பில் உட்கார வைக்க வேண்டும். முடிந்தால் வாக்கரைப் பிடித்து நிற்க வைக்க வேண்டும். நோயாளி அழுவார். பார்க்கிற மகளுக்கு மனசு கேட்காது, “நாளைக்குப் பார்க்கலாம் சிஸ்டர்” என்பார். அங்கேதான் மருத்துவமனை விடாப்பிடியாக நிற்க வேண்டும். ஆப்பரேஷன் நாளிலோ மறுநாளிலோ எழுந்து உட்கார்ந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்புவதையும் அவர்களிடம் இறப்பு குறைவாக இருப்பதையும் பெரிய கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. உடம்பு தேறியவர்களைத்தான் எழுப்பியிருப்பார்கள் என்ற வாதமும் அதில் உண்டு, ஆனாலும் நான் என் நோயாளிகளில் கண்டது இதையேதான். உங்கள் அம்மா ஐந்து நாள் மல்லாந்து கிடந்தார். ஆறாம் நாள் நெஞ்சில் சளி கட்டியது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

இரவுப் புலம்பல் உங்களை உலுக்கியிருக்கிறது. “அம்மைக்குப் பைத்தியம் பிடிச்சுதா, இல்ல அப்பா வந்து கூப்பிட்டுதா” என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் இல்லை. இடுப்பு முறிந்த முதியவர்களில் பலருக்கு வரும் திடீர் மனக்குழப்பம் அது. டெலிரியம் என்போம். வலி அடங்காதது, நீர்வற்றியது, மலச்சிக்கல், மூத்திரக் குழாயின் எரிச்சல், தூக்கமின்மை, சில தூக்க மாத்திரைகள் எல்லாம் அதைக் கிளப்பும். நீங்கள் எழுதியதில் இன்னொன்றும் இருந்தது. அம்மாவின் மூக்குக் கண்ணாடி வீட்டில் தகரப் பெட்டியிலேயே இருந்துவிட்டது. கண்புரைக்கு ஆப்பரேஷன் ஆனவர், கண்ணாடி இல்லாமல், அரையிருட்டில், முகம் தெரியாத ஆட்கள் நடுவே இருந்திருக்கிறார். கையைக் கட்டுவது அந்தப் பயத்தைக் கூட்டத்தான் செய்யும். கண்ணாடியைப் போட்டுவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, “நான் இங்கதான் இருக்கேன் அம்மை, இது ஆஸ்பத்திரி” என்று திரும்பத் திரும்பச் சொல்வதுதான் முதல் மருந்து. குழாயைக் கூடுமானவரை ஓரிரு நாளில் எடுத்துவிட வேண்டும்.

ஒன்றை மென்மையாகச் சொல்கிறேன், உங்கள் மேல் பழியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படுத்த நிலையிலேயே கஞ்சி ஊட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். குழம்பிய மனநிலையில் இருப்பவருக்குப் படுக்க வைத்து ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். நிமிர்த்தி உட்கார வைத்து, முழு விழிப்பில் இருக்கும்போது மட்டும், சிறு கரண்டியில் கொடுக்க வேண்டும். இதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியது வார்டில் இருந்தவர்கள். நம்மூர் ஆஸ்பத்திரிகளில் பாதி நர்ஸ் வேலையை நோயாளிக்குத் துணையிருக்கும் பைஸ்டாண்டர்தான் செய்கிறார். அவருக்கு ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பதில்லை.

இவை எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினால் பலன் உண்டா என்றால், உண்டு. பிரிட்டன் 2007-இல் இடுப்பு முறிவு நோயாளிகள் எல்லோருக்கும் தேசியப் பதிவேடு தொடங்கியது. எத்தனை மணி நேரத்தில் ஆப்பரேஷன் ஆனது, முதியோர் மருத்துவர் பார்த்தாரா, எப்போது எழுந்து உட்கார்ந்தார், எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து கொடுத்தார்களா என்று மருத்துவமனை வாரியாக எழுதிவைத்து வெளியிட்டார்கள். 2007-இல் 30 நாளுக்குள் 100 பேரில் ஏறத்தாழ 11 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். 2011-இல் அது 8 அல்லது 9 ஆகக் குறைந்தது. புது மருந்தோ புது கம்பியோ வந்து அது நடக்கவில்லை. எலும்பு டாக்டரும் பொது மருத்துவரும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து பார்த்தார்கள், நேரத்தைக் கணக்கு வைத்தார்கள். நம் மாவட்ட மருத்துவமனைகள் ஒவ்வொன்றிலும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இந்தக் கணக்கை எழுதத் தொடங்கினாலே நிறைய உயிர் மிஞ்சும் என்பது என் உறுதியான எண்ணம்.

வழக்குப் போடலாமா?

முதலில் ஆவணம் வாங்குங்கள். கேஸ் ஷீட், மயக்க மருந்துப் பதிவு, நர்ஸ் குறிப்புகள், பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றின் நகலையும் கேட்டு எழுதிக் கொடுங்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. டிஸ்சார்ஜ் சம்மரியோ இறப்புச் சுருக்கமோ மட்டும் போதாது.

பிறகு சிகிச்சை கொடுத்த டாக்டரைச் சந்திக்க நேரம் கேளுங்கள். சண்டைக்குப் போக வேண்டாம், மூன்றே கேள்வி. ஏழு நாளில் என்ன சரிசெய்யப்பட்டது? வேறு இடத்துக்கு அனுப்புவது பற்றி ஏன் பேசவில்லை? ஐந்து நாள் ஏன் எழுப்பவில்லை? நேர்மையான பதில் கிடைத்தாலே பல குடும்பங்களுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

பதில் திருப்தி தராவிட்டால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு கெடு உண்டு. ஆனால் தாமதம் நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது, அந்தத் தாமதம் கவனக்குறைவு என்றும் அதனால்தான் உயிர் போனது என்றும் நிறுவ வேண்டும். வீட்டில் கழிந்த மூன்று நாளும் சர்க்கரையும் இதய நோயும் எதிர்த்தரப்பு வாதமாக வரும். எளிதில் ஜெயிக்கும் வழக்கு என்று நான் சொல்ல மாட்டேன். ஆவணங்களோடு ஒரு வழக்கறிஞரையும், சம்பந்தமில்லாத ஓர் எலும்பு மருத்துவரையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அண்ணனின் கோபத்துக்காக மட்டும் போடாதீர்கள். வாய்தா வாய்தாவாக அலையப்போவது இங்கே இருக்கும் நீங்கள்.

பெரியம்மைக்கு

81 வயது, போன வருஷம் மணிக்கட்டு முறிவு. இது அடுத்த முறிவுக்கான எச்சரிக்கை மணி. எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்து, வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகம் பார்த்து, எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து தொடங்குங்கள். ஆண்டுக்கு ஒரு முறை போடும் சோலெட்ரோனிக் ஆசிட் என்ற ஊசி இருக்கிறது. இடுப்பு முறிவு ஆப்பரேஷன் முடிந்து மூன்று மாதத்துக்குள் அதைப் போட்டவர்களிடம் புதிய முறிவுகள் 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்ததாக 2007-இல் ஒரு பெரிய சோதனை காட்டியது. பெரியம்மைக்கு அது பொருந்துமா என்பதை டாக்டர் சொல்லட்டும். பல்லில் பிரச்சினை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தூக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, ரத்த அழுத்த மாத்திரைக்குப் பிறகு தலை சுற்றுகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் வெறும் ரஸ்க்கும் சாயாவும் என்று முடித்துவிடாமல் முட்டையோ பயறோ மீனோ தினமும் இருக்கட்டும். கிணற்றடிப் பாசியை மழைக்காலம் முழுக்க வாரம் ஒரு தடவை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிடுங்கள். கக்கூஸுக்குப் போகும் வழியில் ராத்திரி விளக்கு எரியட்டும், சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி வையுங்கள்.

அப்படியும் விழுந்து, எழ முடியாமல், இடுப்பிலோ தொடை மடிப்பிலோ வலி என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்க வேண்டாம். விழுந்த பிறகு தாங்கித் தாங்கி நடந்தாலும் முறிவு இல்லை என்று எண்ணாதீர்கள், எலும்பு ஒன்றுக்குள் ஒன்று குத்தி நின்றால் ஒரு நாள் நடப்பவர்களும் உண்டு. எக்ஸ்ரேயில் தெரியாமல் வலி மட்டும் இருந்தால் ஸ்கேன் கேளுங்கள்.

சேர்க்கும்போதே கேட்க வேண்டியவை இவை. “ஆப்பரேஷன் எப்போது? இரண்டு நாளுக்குள் முடியுமா? முடியாதென்றால் எங்கே போகட்டும்? பொது மருத்துவர் இன்றே பார்ப்பாரா? வலிக்கு நரம்பு ஊசி உண்டா? ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போடும் ஊசி எப்போது? மறுநாள் உட்கார வைக்கப் பிசியோதெரபிஸ்ட் வருவாரா?” தயங்காமல் கேளுங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு, பொது மருத்துவம், மயக்க மருந்துத் துறைகள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. தனியாரிடம் போனாலும் இந்த மூன்றும் ஒரே இடத்தில் உள்ள மருத்துவமனையாகப் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. எந்தெந்த மருத்துவமனையில் இந்த ஆப்பரேஷன் அதில் வரும் என்று இப்போதே விசாரித்துவிடுங்கள், விழுந்த பிறகு அலைய வேண்டாம். வீடு திரும்பிய பிறகு நடைப்பயிற்சிக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

இன்றைக்கே ஒரு துணிப்பை தைத்துவிடுங்கள், உங்களுக்கு அது ஐந்து நிமிட வேலை. பெரியம்மை சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், பழைய இசிஜி, காப்பீட்டு அட்டை நகல், ஆதார் நகல், பழைய கண்ணாடி ஒன்று இருந்தால் அதுவும் அதில் இருக்கட்டும். கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவையுங்கள்.